சுண்ணாம்பு வட்டம்

வேதாசலத்தைச் சிகாமணி உயிரோடு கடைசியாகப் பார்த்தபோது, அவர் பாறையில் மல்லாந்து கிடந்து ஒரு கையை மட்டும் தூக்கியிருந்தார்.

வேதாசலம் வீடு வீடாக டிஷ் ஆண்டெனா மாட்டிக்கொண்டிருந்தவர். ஒரு நாள் மொட்டைமாடியில் வேற்றுக்கிரகத்தார் தன்னோடு பேசினார்கள் என்றார். சிரித்தவர்கள் போக, நம்பியவர்கள் சேர்ந்து விண்ணோர் சபை ஆனார்கள். பௌர்ணமிதோறும் அந்தி சாயும் வேளையில் நரிப்பாறையில் கூடுவார்கள். நடுவில் பெரிய சுண்ணாம்பு வட்டம். விண்கலம் இறங்கப்போகும் இடம் அது. உள்ளே வேதாசலம் மட்டுமே நிற்பார். மற்றவர்கள் சபையில் சேரும்போதே அவர் கையைப் பிடித்துச் சத்தியம் செய்திருந்தார்கள்: "கோடு இருக்கும்வரை தாண்ட மாட்டேன்."

"அவங்க ஒளி பட்டா நான் விழலாம். பயப்படாதீங்க. ஒருத்தர் தாண்டினாலும் அவங்க திரும்பிப் போயிடுவாங்க" என்பார். வருகிறவர்களை இரு கைகளையும் விரித்து வரவேற்க வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்திருந்தார்.

கோடு போடுவது சிகாமணியின் வேலை. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் பழையதைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிவிட்டுப் புதிதாகப் போடுவான். அன்றும் உச்சிவெயிலிலேயே போட்டு முடித்திருந்தான். அந்தியில் வேதாசலம் நெஞ்சைத் தடவிக்கொண்டு வந்தார்.

"வாயுத் தொல்லைடா சிகாமணி. ஒரு சோடா இருந்தா கொடு."

நிலா எழும்பியது. வட்டத்துக்குள் நின்றிருந்தவர் சட்டென்று விழுந்தார். ஒரு கை மேலே எழுந்தது. மறு கை நெஞ்சை விட்டு வரவில்லை.

"வந்துட்டாங்க!" என்று கத்திக்கொண்டே மண்டியிட்டார், சபையின் மூத்த சீடர் ஆதிமூலம். கூட்டமும் மண்டியிட்டது.

சிகாமணி ஆதிமூலத்தின் தோளைப் பிடித்து உலுக்கினான். "அண்ணே, ஒரு கைதான் தூக்கறாரு. சோடா கேட்டாரு, அண்ணே!"

"வாயை மூடு. சத்தியம் மறந்துபோச்சா?"

மறக்கவில்லை. அதனால்தான் அவன் வாளியையும் நாரையும் எடுத்தான். கோடு இல்லாவிட்டால் சத்தியமும் இல்லை. ஓர் ஆள் நுழையும் அகலத்துக்கு விழுந்து விழுந்து தேய்த்தான். பகல் வெயிலில் காய்ந்த சுண்ணாம்பு லேசில் போகவில்லை.

அப்போதுதான் வேதாசலத்தின் மனைவி பவுனாம்பாள் புளிச்சோற்றுத் தூக்கோடு பாறை ஏறி வந்தாள். "மேலேருந்து வர்றவனுக்கும் நான்தான் சோறு வடிக்கணுமா?" என்று சிரித்து, சத்தியம் செய்யாமல் விட்ட ஒரே ஆள் அவள். தூக்கைப் போட்டுவிட்டு நேரே கோட்டை மிதித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். தொட்டுப் பார்த்தாள். மூச்சு இல்லை.

திரும்பி, கையில் நாரோடு நின்றவனைப் பார்த்தாள்.

"இவரு கிடக்கறப்ப நீ பாறையக் கழுவிக்கிட்டா இருந்த?"

இனி நீங்கள் சொல்லுங்கள். சத்தியத்தைக் காத்து மண்டியிட்ட ஆதிமூலம், சத்தியத்தை உடைக்காமல் உள்ளே போக வழி செய்த சிகாமணி. இந்த இருவரில் யார் பிழை பெரிது?

விடை: சிகாமணியின் பிழையே பெரிது. ஆதிமூலம் கண்டது வரவேற்பை, அவர் ஏமாந்தவர். சிகாமணிக்கு அது நெஞ்சுவலி என்று தெரியும். தெரிந்தவன் தாண்டியிருக்க வேண்டும். சத்தியம் மீறிய பழி தன்மேல் விழாமல் தாண்டப் பார்த்தான். அதற்கு ஆன நேரம் வேதாசலத்துடையது.

சபை கலைந்துவிட்டது. நரிப்பாறையில் அந்த வட்டம் மங்கலாக இருக்கிறது. ஓர் ஆள் நுழையும் அகலத்துக்கு மட்டும் அதில் கோடு இல்லை.