கணப்புக்குள் கை

குரு என்றால் தாடி இருக்க வேண்டும் என்று நம்புகிறவர்கள் எங்கள் மலை ஆசிரமமான மேல்குடிலுக்கு வந்தால் முதலில் என் காலில்தான் விழுவார்கள். நான் அங்கே சமையல்காரன். பெயர் பொன்னுரங்கம். தாடி மார்பு வரைக்கும் வெள்ளையாகத் தொங்கும். "எழுந்திரிங்க, அம்மை உள்ளே இருக்காங்க" என்று அனுப்பி வைப்பேன்.

அம்மைக்கு நாற்பத்தொரு வயது. வடிவாம்பிகை என்று பெயர். முன்னால் கணக்கு டீச்சராக இருந்தவர். கேள்வி கேட்டால் பாதி நேரம் பதில் வராது, வேலைதான் வரும். கடவுள் எங்கே இருக்கிறார் என்று கேட்ட வக்கீல் ஒருவர் ஒரு வாரம் தண்ணீர்த் தொட்டி கழுவிவிட்டுப் போனார்.

வெள்ளையப்பன் வந்தது ஐப்பசியில். அறுபத்துநாலு வயது. தென்காசிப் பக்கம் மரம் அறுத்து விற்கும் பெரிய மரவாடி வைத்திருந்தவர். மலையேறி வந்த மூச்சு அடங்குவதற்குள் அம்மை முன்னால் உட்கார்ந்து கேட்டுவிட்டார்.

"தாயே, எனக்கு ஒரே மக. கோமதின்னு பேரு. கல்யாணம் பண்ணி வச்சேன். எங்க வீட்டை ஒட்டியே வீடு கட்டிக் குடுத்தேன். மாப்பிள்ளைக்கு மரவாடியிலயே வேலை போட்டேன். பிறக்கப் போற பிள்ளைக்குப் பேரு, படிக்கப் போற பள்ளிக்கூடம், எல்லாம் முடிவு பண்ணி வச்சேன். ஏழாம் மாசம், புருசனும் பொண்டாட்டியும் வீட்டுச் சாவியை மேசை மேல வச்சிட்டுப் போயிட்டாவ. அஞ்சு வருசம் ஆச்சு. பேத்தி மூஞ்சியப் பாத்ததில்ல. பேரு கூடத் தெரியாது. அவளுக்கு நான் என்ன செய்யல தாயே?"

"மகளோட விலாசம் இருக்கா?" என்றார் அம்மை.

"இருக்கு."

"குடுங்க."

அவ்வளவுதான். அம்மை கோமதிக்குக் கடிதம் போட்டு மேல்குடிலுக்கு அழைத்தார். வெள்ளையப்பன் தங்கிவிட்டார். என்னோடு காய் நறுக்கினார், மாடு கழுவினார். தபால்காரர் வரும் நேரத்துக்கு மட்டும் கேட் பக்கம் போய் நின்றுகொள்வார்.

கார்த்திகைக் கடைசியில் கோமதியிடமிருந்து பதில் வந்தது. மார்கழி பத்தாம் தேதி வருகிறேன், இரண்டு நாள் தங்குவேன். குழந்தைக்கு மூச்சிளைப்பு இருக்கிறது. குளிரும் ஆகாது, புகையும் ஆகாது. அறையில் புகை இருந்தால் அன்றைக்கே மலை இறங்கிவிடுவேன். கடிதம் முழுக்க இவ்வளவுதான். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வெள்ளையப்பன் அதை மடித்து மடித்துப் படித்ததில் நாலே நாளில் காகிதம் கிழிந்துபோனது.

"தாயே, நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலையே."

"விருந்தாளி அறையில இரும்புக் கணப்பு இருக்கு. அதுக்கு விறகு வெட்டுங்க ஐயா" என்றார் அம்மை.

அந்தக் கணப்பு ஏதோ எஸ்டேட் பங்களாவிலிருந்து எங்களுக்கு வந்த பழைய சாமான். இடுப்பளவு இரும்புப் பெட்டி. முன்னால் ஒரு கதவு, கதவில் உள்ளே தீ தெரிய உள்ளங்கை அகலத்துக்கு மைக்கா சன்னல், அடியில் காற்றுக்கு ஓட்டை, மேலே கூரையைத் துளைத்துக்கொண்டு போகும் குழாய். கதவைச் சாத்தி எரித்தால்தான் அறைக்குச் சூடு. திறந்து எரித்தால் அறைக்குப் புகை.

வெள்ளையப்பன் கணப்பின் வெளிப்பக்கமாகச் சாண் போட்டு அளந்தார், தலையாட்டினார், ரம்பத்தை எடுத்தார்.

"உள்ளே அளந்தீங்களா ஐயா?" என்று கேட்டார் அம்மை.

"தாயே, நின்ன மரத்தைப் பாத்தே எத்தனை கன அடின்னு சொல்லுவேன். இந்தப் பொட்டிக்கு அளவு பாக்கணுமா?"

அம்மை சரி என்று போய்விட்டார். நான் மட்டும் மனசுக்குள் ஐயோ என்றேன். அம்மை ஒரு கேள்வியை இரண்டாம் தடவை கேட்கமாட்டார்.

ஒரு வாரம் அறுத்தார். போன வருஷமே வெட்டிக் காயப்போட்டிருந்த சீகை மரம். இருநூறு கட்டை. ஒன்றுக்கொன்று ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அடுக்கி வைத்தபோது எனக்கே பொறாமையாக இருந்தது. என் வாழைக்காய் வறுவல் ஒருநாளும் அப்படி வந்ததில்லை.

மார்கழி ஏழாம் தேதி கணப்பைப் பற்றவைத்துப் பார்த்தார். கட்டை உள்ளே போனது, கதவு சாத்த வரவில்லை. இரண்டு அங்குலம் திறந்து நின்றது. நெட்டித் தள்ளினார். முட்டியால் அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் அறையிலிருந்து இருமிக்கொண்டு வெளியே வந்தார், கண் இரண்டும் கோவைப்பழம்.

மறுநாள் காலையில் ஓடி வந்தார். "ரங்கம், வந்து பாரும்! கதவு சாத்திக்கிடுச்சு!"

போய்ப் பார்த்தேன். சாத்தித்தான் இருந்தது. கட்டைகள் உள்ளே கச்சிதமாக, கதவோடு ஒட்டி உட்கார்ந்திருந்தன. அடியில் சுள்ளி எரிந்துகொண்டிருந்தது. எப்படி என்று யோசித்துக்கொண்டே அறைக்குப் பின்னால் போனால், புல்லில் எட்டுச் செங்கல் கிடந்தது.

"அண்ணாச்சி, இது என்னது?"

"கணப்புக்குள்ள சும்மா கெடந்துச்சுவே. இடத்தை அடைச்சுக்கிட்டு."

"சும்மா கெடந்துச்சா! சூடு தாங்குறதுக்காகப் பின்பக்கம் பதிச்சு வச்ச கல்லுய்யா அது!"

அவர் பதில் சொல்லுமுன் அறைக்குள்ளிருந்து புகை வந்தது. ஓடினோம். சுள்ளி எரிந்து முடிந்து, கட்டைகளில் தீ பிடிக்காமல் கருகிக்கொண்டிருந்தது. கட்டைகள் நெருக்கியடித்து நின்றதில் அடி ஓட்டை வழியாக வந்த காற்றுக்கு உள்ளே நுழைய வழியில்லை. கிளறிவிடலாம் என்றால் கம்பி நுழையவில்லை. இடுக்கியால் இழுத்தார், ஒரு கட்டைகூட அசையவில்லை. இரும்பின் ஒவ்வொரு மூட்டிலிருந்தும் புகை கசிந்தது.

வெள்ளையப்பன் தரையில் உட்கார்ந்துவிட்டார். அறுபத்துநாலு வயது மனிதர், வாய்விட்டு அழுதார்.

"வாசல்லயே திரும்பிருவா ரங்கம். பிள்ளை முகத்தைக் கூடப் பாக்க விடாமப் போயிருவா."

போய் அம்மையைக் கூட்டி வந்தேன்.

நானாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அம்மை ஒன்றும் கேட்கவில்லை. கட்டைகள் அணைந்து ஆறும்வரை காத்திருந்து வெளியே எடுத்தார். புல்லில் கிடந்த எட்டுச் செங்கல்லையும் தானே பொறுக்கி வந்து இருந்த இடத்தில் அடுக்கினார். பிறகு புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கணப்பின் முன்னால் மண்டியிட்டு, வலது கையை உள்ளே விட்டார். முழங்கை போனது. அதற்கு மேலும் போனது. விரல் நுனி பின்பக்கச் செங்கல்லைத் தொட்டதும், கதவு வரும் இடத்தில் கையில் சாம்பலால் ஒரு கோடு போட்டுக்கொண்டார்.

கை வெளியே வந்தபோது கரிக்கட்டை போல இருந்தது.

அந்தக் கையை ஒரு குச்சியின்மேல் வைத்து அளவைக் குறித்தார். குறித்த இடத்திலிருந்து நாலு விரல் உள்ளே தள்ளி அங்கே ஒடித்தார். குச்சியை வெள்ளையப்பனிடம் நீட்டினார்.

"இதான் நீளம்."

அவர் வாங்கிக் கணப்புக்குள் விட்டுப் பார்த்தார். "தாயே, நாலு விரல் பத்தலையே. அவ்வளவு இடமும் சும்மால்லா கெடக்கும்?"

"கெடக்கட்டும்."

"அந்த இடத்துல ஒரு மணி நேரம் கூட எரியுற மரம் வைக்கலாம் தாயே."

"ரம்பத்தை எடுங்க ஐயா."

மூன்று பேரும் உட்கார்ந்து அறுத்தோம். அம்மையும்தான். அன்றைக்கு இருட்டும்வரை, மறுநாள் முழுக்க. ஒவ்வொரு துண்டு விழும்போதும் வெள்ளையப்பன் உச்சுக்கொட்டினார். துண்டுகளை அள்ளி என் சமையலறையில் குவித்தேன். ஒரு மாதம் ரசம் வைக்கலாம்.

பத்தாம் தேதி காலையில் வெளியே புல்லெல்லாம் உறைபனி. அம்மை கணப்பில் மூன்று கட்டை வைத்தார், இடைவெளி விட்டு. சுள்ளியைப் பற்றவைத்துக் கதவைச் சாத்தினார். சாத்திக்கொண்டது. முதலில் குழாய் கடகடவென்று அதிர்ந்தது. அடி ஓட்டையைப் பாதி மூடினார். சத்தம் அடங்கியது.

"உக்காந்து பாருங்க" என்றார்.

மைக்கா சன்னலுக்கு முன்னால் நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம். நான் முப்பது வருஷமாக அடுப்போடு வாழ்கிறவன். ஆனால் அப்படி ஒரு தீயைப் பார்த்ததில்லை. அது கட்டையில் இல்லை. கட்டைக்கும் கதவுக்கும் நடுவில் விட்டிருந்த வெற்றிடத்தில், எதையும் தொடாமல், தனியாக நின்றது. நீலமும் பொன்னுமாக மெல்ல எழுந்து, சுருண்டு, மறுபடி விரிந்தது. அதற்கு அவசரமே இல்லை. சத்தம் கொஞ்சமும் இல்லை. எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. கை தானாகக் கும்பிட்டது, வெட்கப்படாமல் சொல்கிறேன்.

வெள்ளையப்பன் வெளியே போய்க் கூரையை அண்ணாந்து பார்த்தார். குழாய் வாயில் காற்று நெளிந்தது, புகை இல்லை. திரும்பி வந்து மறுபடி உட்கார்ந்தார்.

"நாப்பது வருசம் மரத்தோடயே கெடந்தேன் ரங்கம்" என்றார். "இதைப் பாத்ததே இல்லையே."

மத்தியானம் கோமதி வந்தாள். தோளில் பை, கையைப் பிடித்தபடி குழந்தை. கம்பளிக் குல்லாவுக்குள் இரண்டு கண் மட்டும் தெரிந்தது. வெள்ளையப்பன் சமையலறைக் கதவுக்குப் பின்னால் என்னோடு ஒட்டிக்கொண்டு நின்றார். வெளியே வரத் தைரியமில்லை.

கோமதி அறைக்குள் போய் முதலில் மோந்து பார்த்தாள். சுவரைத் தொட்டுப் பார்த்தாள். குழந்தையின் குல்லாவைக் கழற்றினாள். "ஆதிரை, மூச்சு விடு பாப்போம்" என்றாள். குழந்தை விட்டது, சீராக.

ஆதிரை. என் பக்கத்தில் நின்றவர் அந்தப் பெயரை உதட்டுக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தார்.

கோமதி சுவரோரம் அடுக்கியிருந்த விறகில் ஒன்றை எடுத்தாள். அறுத்த முகத்தை விரலால் தடவினாள். மரவாடியில் வளர்ந்த பெண் அல்லவா.

"இது எங்கப்பா அறுப்பு" என்றாள் அம்மையிடம். பிறகு கணப்பின் முன்னால் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

அம்மை சமையலறைக்கு வந்தார். வெள்ளையப்பன் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். நாலு பக்கம், பொடி எழுத்து.

"தாயே, வீட்டு மாடிக்குப் பெயிண்டு அடிச்சு வச்சிருக்கேன். பள்ளிக்கூடத்துல பிள்ளைக்கு எடம் சொல்லி வச்சாச்சு. மாப்பிள்ளை பேர்ல மரவாடியை எழுதிரலாம்னு வக்கீல்ட்ட பேசிட்டேன். கையோட கூட்டிட்டுப் போயிரலாம்னு எல்லாம் இதுல எழுதியிருக்கு. இப்பவே போய்ச் சொல்லிரட்டுமா?"

அம்மை என் விறகுக் குவியலுக்குப் போனார். அறுத்துப் போட்ட துண்டுகளில் ஒன்றை எடுத்தார். அரைச் சாண் நீளம். அதை வெள்ளையப்பனின் உள்ளங்கையில் வைத்தார்.

"இது இருந்த இடத்துலதான் ஐயா அந்தத் தீ நின்னுச்சு."

வெள்ளையப்பன் துண்டைப் பார்த்தார். என் ரசம் பொங்கி வழிந்தது, நான் கவனிக்கவில்லை. பிறகு அவர் காகிதத்தை மடித்து என்னிடம் கொடுத்தார்.

"இதை எங்கயாவது வச்சிரும் ரங்கம்."

புளி ஜாடிக்கு அடியில் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

வெறுங்கையோடு அறைக்குள் போனார். பெஞ்சின் மறு ஓரத்தில், மகளை இடிக்காமல், உட்கார்ந்தார். கோமதி திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்து போகவும் இல்லை. குழந்தை மட்டும் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மைக்கா சன்னலைக் கை காட்டியது.

"தாத்தா, அங்க பாரு. தீ பறக்குது."

"ம்" என்றார்.

ரொம்ப நேரம் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டை எரிந்து தணிந்தது.

"அப்பா" என்றாள் கோமதி, தீயைப் பார்த்தபடியே. "இன்னொரு கட்டை வைங்க."

அவர் எழுந்து வைத்தார். கதவைச் சாத்தினார். மறுபடி அதே ஓரத்தில் போய் உட்கார்ந்தார்.