கரடியார் செருகிய பதினேழு முடிக்கற்றைகள்

அன்று மருதவனத்து அவையில் இருந்தவர்கள் ஐவர். தலைமை தாங்கிய யானை வேழவல்லி. வழக்குத் தொடுத்த கரடி கருங்கண்ணர். அவருக்கு வலப்பக்கத்தில் நரி நெடுவாலன். புன்னைமரக் கிளையில் மரநாய் மணக்கொடி. நடுவில், குற்றம் சாட்டப்பட்ட அணில் வரிச்சி. ஆமையாரும் புறப்பட்டுவிட்டதாகச் செய்தி வந்திருந்தது. அவை கலைவதற்குள் அவர் வந்துசேர்வார் என்று எவரும் நம்பவில்லை.

மருதவனம் வற்றாத ஓர் ஆற்றின் கரையில் இருந்தது. கடுங்கோடையிலும் அங்கே புல் கருகாது. சுற்றியிருந்த காடுகளில் வாழ்ந்தோர் அதன் பெயரைச் சொல்லும்போதே பெருமூச்சு விடுவார்கள். ஆயினும் அங்கே காலம் தள்ளுவது ஆண்டுக்கு ஆண்டு கடினமாகிக்கொண்டே போயிற்று. பாம்புக் காவலுக்கு முன்பு ஒரு முட்டை வாங்கிய கீரி, இப்போது மூன்று முட்டை கேட்டது. உண்ணி பொறுக்கும் மைனாகூட, பொறுக்கிய உண்ணியையும் தின்றுவிட்டு, அதற்கு மேல் ஒரு பிடி தினை கூலியாகக் கேட்டது!

கருங்கண்ணருக்கு எல்லாவற்றையும்விட உயிர் நாவற்பழம். கனிந்த பழங்களோ நுனிக்கொம்பில்தான் இருக்கும். அவர் ஏறினால் கொம்பு முறியும். ஆகவே அணில்தான் பறித்துத் தர வேண்டும். அதில்தான் வழக்கு எழுந்தது.

"தலைவி அவர்களே! முன்பெல்லாம் பத்துப் பழம் பறித்தால் வரிச்சி ஒன்றை எடுத்துக்கொண்டு ஒன்பதை எனக்குத் தருவாள். பிறகு மூன்று என்றாள். இந்தப் பருவத்தில் ஐந்து என்கிறாள்! மரம் வனத்துக்குச் சொந்தம். பசி எனக்குச் சொந்தம். இவளுக்கு எதற்காக ஐந்து?"

"பேராசை, அண்ணா, பேராசை!" என்றான் நெடுவாலன். "உடம்பு உள்ளங்கை அகலம், வயிறு மட்டும் உங்கள் வயிறு!"

"தன் முதுகில் மூன்று கோடு இருப்பது போதாதென்று, நம் முதுகிலும் கோடு கிழிக்கப் பார்க்கிறாள்" என்றாள் மணக்கொடி.

வேழவல்லி காதுகளை ஒருமுறை அசைத்தாள். பேச்சு அடங்கிற்று.

"வரிச்சி, வனத்தின் நியதி உனக்குத் தெரியும். பேராசை மெய்ப்பட்டால் எல்லை தாண்டிப் போக வேண்டும். பிறகு மருதவனத்து மரம் எதிலும் உன் கால் படக்கூடாது. உன் விடை என்ன?"

 வரிச்சிக்கு இரண்டு பிள்ளைகள். வனத்துக்கு வெளியே அவள் குடியிருந்த கள்ளிமேட்டில் முள்ளைத் தவிர எதுவும் விளையாது. மருதவனத்து வேலை போனால் பிள்ளைகளின் வாய்க்கு ஒன்றும் இல்லை. ஆயினும் அவள் நிமிர்ந்துதான் நின்றாள்.

"ஐந்து எடுப்பது மெய், அம்மா. ஐந்தையும் நான் தின்பது பொய். கரடியார் ஒரு நாள் என்னோடு நடந்து வரட்டும். பழம் எங்கெங்கே போகிறது என்று தம் கண்ணால் பார்க்கட்டும். பிறகு அவர் என்ன சொன்னாலும் கட்டுப்படுகிறேன்."

நரி விழுந்து விழுந்து சிரித்தான். "அணிலுக்குப் பின்னால் கரடியார் ஊர்வலமா!"

கருங்கண்ணர் சிரிக்கவில்லை. அவர் சொன்ன சொல்லை அவையில் இதுவரை எவரும் திருப்பிக் கேட்டதில்லை. அதுதான் அவருடைய ஒரே செருக்கு. தாம் குற்றம் சாட்டியவளே தம் நாவை நம்பித் தன் பிழைப்பை ஒப்படைக்கிறாள்! அது அவருக்குப் பெருமையாகவும் இருந்தது. உள்ளே எங்கோ உறுத்தலாகவும் இருந்தது.

"நாளை நடக்கிறேன்" என்றார். "மறுநாள் அவையில் சொல்கிறேன்."

மறுநாள் வரிச்சி பத்துப் பழம் பறித்தாள். ஐந்தைக் கரடியார் தின்றார். ஐந்தை அவள் தேக்கிலையில் முடிந்து பல்லில் கவ்விக்கொண்டாள். உச்சிவெயில் சாய்ந்ததும் இருவரும் புறப்பட்டார்கள்.

மருதவனத்து நிழல் முடிந்தது. சரளைக்கல் தொடங்கிற்று. கரடியாரின் பாதம் கொதித்தது. முன்னங்காலில் முள் ஒன்று ஆழமாக ஏறியது. வரிச்சியோ நான்கடி ஓடுவாள். ஒரு புதரடியில் பதுங்குவாள். மறுபடி நான்கடி ஓடுவாள்.

"ஏன் இப்படி நின்று நின்று ஓடுகிறாய்? நேராக நடந்தால் பாதி நேரத்தில் போய்விடலாமே!"

வரிச்சி மூட்டையைக் கீழே வைத்தாள். "மேலே பாருங்கள், ஐயா."

வானத்தில் ஒரு பருந்து வட்டமிட்டுக்கொண்டிருந்தது.

"அது உங்களைப் பார்த்து வட்டமிடவில்லை" என்றாள் வரிச்சி.

அதன் பிறகு கரடியார் அவளை விரைவுபடுத்தவில்லை. தம் நிழல் அவள்மேல் விழும்படி ஒட்டி நடந்தார்.

கள்ளிமேட்டில் ஒரு பெரும்பாறை. அதன் பிளவுகளில் கீரியின் குடும்பம், மைனாக்கள், அணில்கள் என்று மருதவனத்தில் வேலை செய்யும் அத்தனை பேரும் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். பாறைக்கு உரியவன் முரட்டுத்தோலன் என்னும் உடும்பு. வரிச்சி வந்ததும் வாயைத் திறந்தான்.

"இடத்துக்கு இரண்டு!"

அவள் இரண்டு பழங்களை அவன்முன் வைத்தாள்.

"ஒரு பாறைவெடிப்பில் படுத்து எழுவதற்கு இரண்டு பழமா!" என்று கர்ஜித்தார் கரடியார்.

முரட்டுத்தோலன் சற்றும் அசையவில்லை. "ஏன் கத்துகிறீர், பெரியவரே? உங்கள் வனத்தில் மரத்துக்கு மரம் பொந்து. அங்கே படுக்க இடம் கொடுத்தால் இங்கே எவன் வரப்போகிறான்? நீங்கள் கொடுக்கவில்லை, இவர்கள் வருகிறார்கள். வருகிறவர் கூடக் கூட என் வெடிப்புக்கும் மதிப்புக் கூடுகிறது. கீரி வாங்குகிற மூன்று முட்டையில் இரண்டு எனக்குத்தான். மைனாவின் தினையும் எனக்குத்தான். போய் உங்கள் வனத்தில் கர்ஜியுங்கள்!"

மூன்றாவது பழம், அவள் இல்லாத பொழுதில் பிள்ளைகளைக் காத்த கௌதாரிக்குப் போயிற்று. நான்காவதை வரிச்சியே தின்றாள்.

"இதைத் தின்னாவிட்டால் நாளைக்கு இவ்வளவு தூரம் நடக்க முடியாது, ஐயா" என்றாள், மன்னிப்புக் கேட்பவளைப் போல.

ஐந்தாவதை இரண்டாகப் பிளந்து பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். கடைக்குட்டி பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கரடியாரின் அருகே வந்து அவர் முடியை முகர்ந்தது.

"அம்மா! இந்த வாசனை எனக்குத் தெரியும்!"

"சும்மா இரு" என்றாள் தாய்.

 கரடியார் கேட்டார்: "வரிச்சி, இத்தனை பாடு எதற்கு? நாவல்மரத்திலேயே ஒரு பொந்து இருக்கிறதே. அங்கே ஏன் குடியேறவில்லை?"

"பிள்ளைகளோடு போய்ப் பார்த்தேன், ஐயா. பொந்து இருக்கிறது. வாசலில் முடியும் இருக்கிறது."

"யாருடைய முடி?"

"போய் முகர்ந்து பாருங்கள்."

மருதவனத்தில் ஒரு வழக்கம் உண்டு. இளவேனில் தொடங்கும் நாளில், வனத்துக்காரர் ஒவ்வொருவரும் தம் உடலில் ஒரு கற்றை முடியைப் பிடுங்கி, கண்ணுக்கு நல்லதாகத் தெரியும் ஒரு பொந்திலோ வளையிலோ செருகுவார்கள். செருகிய பிறகு அது அவருடையது. அவர் அதில் குடியிருந்தாலும் இல்லாவிட்டாலும் பிறர் நுழையக்கூடாது. ஏன் செருகுகிறோம் என்று எவரும் கேட்டதில்லை. செருகாமல் விட்டால் ஏதோ இழந்துவிட்டதைப் போல இருக்கும், ஆகவே செருகினார்கள்.

மறுநாள் விடிந்ததும் கருங்கண்ணர் நொண்டிக்கொண்டே நாவல்மரத்தடிக்குப் போனார். பொந்தின் வாயில் ஒரு கறுப்புக் கற்றை. முகர்ந்தார். சந்தேகமே இல்லை, அவருடைய முடி! முன்னங்காலைப் பொந்துக்குள் நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை. மூக்கை நுழைத்தார். பாதியில் சிக்கிக்கொண்டது.

"என் மூக்குக்கே போதாத இடம்!" என்று முனகியபடி மூக்கை விடுவித்துக்கொண்டார். "இதை எதற்காகப் பிடித்து வைத்தேன்?"

எவ்வளவு எண்ணியும் விடை கிடைக்கவில்லை. அவர் மருதமரத்துக்குப் போனார். அங்கேயும் அவர் முடி. இலுப்பையில், புங்கத்தில், ஆற்றோரத்து அத்தியில், எங்கும் அவர் முடி. ஒரு பொந்தில் சிலந்திகூட அந்த முடியை மதித்து, உள்ளே போகாமல் வெளியிலேயே வலை கட்டியிருந்தது. மொத்தம் பதினேழு பொந்துகள். பதினேழு இளவேனில்கள்.

அவையை நோக்கி நடந்த அவரை நரி வழிமறித்தான்.

"அண்ணா! நீங்கள் மரம் மரமாக மோப்பம் பிடித்ததை நான் பார்த்தேன். அவசரப்பட்டு வாயை விடாதீர்கள். மழை குறைந்துவிட்டது என்று சொல்லுங்கள். வெளிக்காட்டார் கூடிவிட்டார்கள் என்று சொல்லுங்கள். நல்ல இடத்தில் வாழ்ந்தால் செலவு இருக்கத்தான் செய்யும் என்று சொல்லுங்கள். அதில் பாதி மெய்தானே! உங்கள் சொல்லை யார் திருப்பிக் கேட்கப் போகிறார்கள்?"

"ஒருவரும் கேட்க மாட்டார்கள், நெடுவாலா" என்றார் கரடியார். "அதனால்தான் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது."

அவை கூடிற்று. வரிச்சி நடுவில் நின்றாள்.  கருங்கண்ணர் வாயில் ஓர் இலைப்பொதியைக் கவ்வியபடி நொண்டி நொண்டி வந்தார். பொதியைக் கீழே வைத்துவிட்டு நேராகப் பேசினார்.

"ஐந்து பழத்தில் இரண்டு, படுக்க இடம் கொடுத்த உடும்புக்கு. ஒன்று, பிள்ளை காத்த கௌதாரிக்கு. ஒன்று, நடந்த நடைக்கு. மிஞ்சியது ஒன்று. முன்பு பத்துக்கு ஒன்று வாங்கியபோதும் இவள் வீட்டுக்கு ஒரு பழம்தான். பத்துக்கு ஐந்து வாங்கும்போதும் ஒரு பழம்தான். என் வழக்கைத் திரும்பப் பெறுகிறேன்."

"அப்படியானால் இடையில் போன நான்கு பழத்தையும் தின்றது யார்?" என்று கேட்டாள் வேழவல்லி.

"உடும்பு என்று சொல்லிவிடலாம். கௌதாரி என்றும் சொல்லலாம். ஆனால் மெய் அதுவன்று" என்றார் கரடியார். பொதியை அவிழ்த்துக் கொட்டினார். பதினேழு கற்றை முடியும் தரையில் சரிந்தன. "இவள் வாசலை அடைத்தவன் நான். வாசல் அடைபட்டதால் இவள் கள்ளிமேட்டுக்குப் போனாள். போய்வருவதற்கான செலவை என் பழத்தின்மேல் வைத்தாள். வேறு எதன்மேல் வைப்பாள்? நான் இழந்த நான்கு பழமும் என் முடிக்கு நானே கொடுத்த விலை!"

"ஐயோ, எல்லாவற்றையுமா பிடுங்கிவிட்டீர்!" என்று கிளையில் இருந்து கூவினாள் மணக்கொடி. "நாளைக்கு உமக்கு வேண்டுமென்றால்?"

"மூக்கு நுழையாத வீடு எனக்கு எந்த நாளைக்கு வேண்டும், மணக்கொடி?"

 மணக்கொடி தொண்டையைக் கனைத்தாள். "எனக்கு ஒன்பது இருக்கின்றன. ஒன்றில் நான் இருக்கிறேன். ஒன்று, வரப்போகும் மருமகளுக்கு... சரி, மற்ற ஏழையும் எடுத்துவிடுகிறேன்."

எல்லோரும் நரியைப் பார்த்தார்கள். நரி தன் வாலைப் பார்த்தான்.

"எனக்கு... நான்கோ ஐந்தோ... எண்ணிப் பார்த்துச் சொல்கிறேனே!"

"எண்ணு" என்றாள் வேழவல்லி. "நானும் உடன் வருகிறேன். இனி, குடியிருப்பவர் முடி மட்டுமே வாசலில் நிற்கும். இது இன்றுமுதல் நியதி."

பிறகு அவள் மெல்ல எழுந்தாள். கருங்கண்ணரின் எதிரே வந்து துதிக்கையை நெற்றிவரை உயர்த்தி வணங்கினாள். அவள் தலைமை ஏற்ற நாள்முதல் எவருக்கும் அப்படிச் செய்ததில்லை. "பிறர் குற்றத்தைத் தேடிப் போனவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன், கருங்கண்ணரே. போன வழியில் தம் குற்றத்தைக் கண்டு, அதைக் கையோடு எடுத்து வந்தவர் நீர் ஒருவர்தான்."

கரடியாருக்குக் கூச்சமாகிவிட்டது. முள் ஏறிய காலை நக்கிக்கொண்டார். பிறகு அணிலின் பக்கம் திரும்பினார்.

"நாவல்மரத்துப் பொந்து திறந்திருக்கிறது, வரிச்சி. உள்ளே தூசு இருக்கும், சருகு போட்டுக்கொள். சரி, இனிப் பத்துக்கு எத்தனை? அதையும் இங்கேயே சொல்லிவிடேன்!"

எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள். வரிச்சியோ வானத்தைப் பார்த்தாள். வெயில் இன்னும் ஏறவில்லை. பருந்து இன்னும் கிளம்பவில்லை. இப்போது புறப்பட்டால் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நண்பகலுக்குள் திரும்பிவிடலாம்.

அவள் தரையில் கிடந்த முடியில் ஒரு கற்றையைப் பல்லால் கவ்வினாள். பிள்ளைகளுக்கு மெத்தையாகும். அவைவாசலில் அப்போதுதான் வந்துசேர்ந்த ஆமையார், "வழக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்டார். வரிச்சி அவருடைய ஓட்டின்மேல் ஏறி அப்பால் குதித்து, கள்ளிமேட்டை நோக்கி நடந்தாள்.

உழைப்பவருக்கு உறங்க இடம் தராத நாட்டில் எந்தப் பொருளும் மலிவாகக் கிடைக்காது. தனக்குப் பயன்படாத இடத்தை விட்டுக்கொடுப்பவனே அந்நாட்டின் செலவைக் குறைப்பவன்.