எடைக்கு எடை தோப்பு

முன்னொரு காலத்தில், மழையும் வெயிலும் தங்கள் முறையை மறந்துவிட்ட ஒரு காலத்தில், குணசீலர் என்றொரு ராஜா இருந்தார். ஊர்ச் சனமெல்லாம் தங்கள் பொன்னை அவருடைய பொக்கிஷத்தில்தான் கொடுத்து வைத்திருந்தது. கடற்கரைத் தென்னந்தோப்புகளை அடமானமாகப் பெற்று, அந்தப் பொன்னை வியாபாரிகளுக்குக் கடன் கொடுப்பவர் பொக்கிஷதார் சேதிராயர்.

ஒரு நாள் ராஜாவுக்கு ஓர் ஆசை பிறந்தது.

"சேதிராயரே, நம் பொக்கிஷம் போல எங்குமே இல்லையாமே! என் பிறந்தநாளில் உம்மைத் தராசில் உட்காரவைத்து, எடைக்கு எடை பொன் தரப்போகிறேன்."

சபை ஆரவாரித்தது. அரண்மனை விகடர் குப்பாண்டார் மட்டும் எழுந்தார்.

"மகாராஜா, கடல் ஏறி வருகிறது. நெய்தலூர்த் தோப்பில் இப்போது மீன்தான் காய்க்கிறது. தோப்பு போனால் வியாபாரி கவிழ்வான். அவனோடு சனங்களின் பொன்னும் மூழ்கும்."

"கடலும் மழையும் சோதிடர் பாடு. பொன்தான் என் பாடு," என்று சேதிராயர் சிரித்தார். "அடமானத் தோப்பும் பொன்னும் எனக்கு ஒன்றே. கடல் வந்தாலும் நம் பேரன் காலத்தில்தான் வரும்!"

"உம்மைக் கேட்டுக்கொண்டா வரும்?"

ராஜாவுக்குக் கோபம் வந்தது. "விழா நேரத்தில் அபசகுனமா?"

இதற்காகவே காத்திருந்தவர் போல் சேதிராயர் கைகூப்பினார். "மகாராஜா, இவர் சொல்வது மெய்யானால் என் வாயாலேயே ஒப்புக்கொள்ளச் செய்யட்டும். ஆனால் கடல், மழை, அலை என்ற பேச்சே இவர் வாயில் வரக் கூடாது. பிறந்தநாளுக்குள் முடியாவிட்டால் நாட்டை விட்டுப் போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்!"

வீட்டில் குப்பாண்டாரை மனைவி தெய்வானை பிடித்துக்கொண்டாள். "ஏங்க, ஊரே வாயை மூடிக்கிட்டு இருக்கயில உங்களுக்கு மட்டும் என்ன அரிப்பு? சட்டி பானையைத் தூக்கிக்கிட்டு எந்த ராச்சியத்துக்குப் போறது?"

"உன் காசுமாலை எங்கே இருக்கு?"

"பொக்கிஷத்துல."

"அதான் அரிப்பு."

"அந்த மனுசன் ஒத்துக்குவாரா?"

"போறது அடுத்தவன் பொன்னா இருக்கிற வரைக்கும் ஒத்துக்க மாட்டார்," என்றார் குப்பாண்டார். சொன்னவர் அப்படியே யோசனையில் நின்றுவிட்டார்.

பிறந்தநாள் வந்தது. சேதிராயர் தன் தொந்தியோடு ஒரு தட்டில் உட்கார, மறுதட்டில் பொன் ஏற ஏற அவர் தட்டு மேலே எழும்பிக்கொண்டிருந்தது.

"மகாராஜா, பொன்னை ஏன் தொட வேண்டும்?" என்றார் குப்பாண்டார். "தோப்பும் பொன்னும் ஒன்றே என்று சொன்னவர் சேதிராயர். கடன் திரும்பாமல் நெய்தலூர்த் தோப்பு பொக்கிஷத்துக்கே வந்துவிட்டது. அதையே இவருக்குப் பரிசாகக் கொடுத்துவிடுங்கள்."

பொன் மிச்சம் என்றதும் ராஜாவுக்கு யோசனை பிடித்துப்போயிற்று. "இறக்குங்கள் பொன்னை!"

இறக்கியதுதான் தாமதம், சேதிராயர் உட்கார்ந்த தட்டு தடாலென்று தரையில் மோதியது.

"மகாராஜா, எனக்கு எதற்குத் தோப்பு? வயதாகிவிட்டது..."

"பேரன் ஆளட்டுமே," என்றார் குப்பாண்டார்.

"தோப்பில் ஏதும் குறையா?" என்று ராஜா கேட்டார்.

"குறை... இல்லை. கொஞ்சம் தூரம்."

"பல்லக்குத் தருகிறேன். இனி உம் சம்பளமும் அந்தத் தோப்பின் தேங்காய்தான். கொண்டுவாருங்கள் முத்திரையை!"

முத்திரை ஓலையில் இறங்கப்போனது. சேதிராயர் தட்டிலிருந்து எகிறிக் குதித்தார். "ஐயையோ, போட்டுராதீங்க மகாராஜா! தோப்பு எங்கே இருக்கு? அத்தனையும் கடலுக்குள்ள கிடக்கு! தேங்காய் பறிக்க நான் என்ன திமிங்கிலமா?"

ராஜா மெல்லத் திரும்பினார். "குப்பாண்டாரே?"

"அடியேன் அந்த வார்த்தையையே சொல்லவில்லை, மகாராஜா."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவியது. அதைப் பிடித்துக்கொண்டவர், சட்டென்று முகம் மாறினார். "அப்படியானால் மற்ற தோப்புகள்?"

"இப்போது நான் பேசலாமா?"

"பேசும், பேசும்!"

"மற்றவை இன்னும் கரையில்தான் நிற்கின்றன. நிற்கும்போதே வியாபாரிகளிடம் மேட்டு நிலத்தை ஈடாகக் கேளுங்கள். கெட்ட நாளுக்கென்று கொஞ்சம் பொன்னை ஒதுக்குங்கள். கடல் வந்த பிறகு கேட்டால் யார் தருவார்?"

அன்றே ஆணை பிறந்தது. ஐப்பசி மழையில் ஒவ்வொரு தோப்பாக நடந்து பார்த்து வரும் வேலை சேதிராயருக்கு. பல்லக்கு கிடையாது. சனங்களின் பொன் தப்பியது.

"இனித் தராசில் உட்கார வேண்டியவர் நீர்!" என்று ராஜா தன் சொந்தப் பெட்டியைத் திறந்தார்.

குப்பாண்டாரோ வற்றல் உடம்புக்காரர். நாலு கை பொன்னிலேயே தராசு நிமிர்ந்துவிட்டது.

"மகாராஜா, புருஷன் பெண்சாதி இருவரும் ஓருடல் என்பார்கள் இல்லையா?"

ராஜா விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அழையுங்கள் அந்த அம்மாளை!"

தெய்வானை புடவையை வரிந்துகொண்டு வந்தாள். "தள்ளி உக்காருங்க!" என்று கணவரை ஓர் இடி இடித்து, தட்டில் ஏறி நிம்மதியாக உட்கார்ந்தாள்.