கோப்பை விளிம்பில் இருந்த மந்திரம்

முன்னொரு காலத்திலே, காற்றை நம்பிக் கப்பல் விட்ட நாளிலே, நாகப்பட்டினத்து மிளகு வியாபாரி மகள் தையல்நாயகி சீன தேசத்துக்குப் போனாள். ஓராண்டு முன்பு போன அண்ணன் மாசிலாமணி திரும்பவில்லை. அவனைக் கூட்டி வரத்தான் போனாள்.

அவள் இறங்கிய பட்டணத்தில் தெருவெல்லாம் கால்வாய், வீட்டுக்கு வீடு படித்துறை, ஒவ்வொரு மதிலுக்குப் பின்னாலும் ஒரு தோட்டம். படகுக்காரி மெய்லான் சொன்னாள்: "உன் அண்ணனா? மந்திரவாதி வூவின் தோட்டம் பார்க்கப் போனார். அங்கே போன விருந்தாளி எல்லாம் குளத்திலே கெண்டை மீனம்மா. திரும்பிடலாமா?"

"தோட்டத்துக்கே விடுங்க அக்கா."

வட்ட வாசல் தாண்டினாள், கோணல் பாலம் தாண்டினாள், மூங்கில் புதர் தாண்டினாள். குளக்கரை மண்டபத்தில் வூ மீசையை நீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அண்ணனை விடுங்க ஐயா."

"என் தேநீர் மூன்று கோப்பை. அதற்குப் பிறகும் மனுஷியாக நின்றால் எல்லாரையும் கூட்டிப் போ."

மந்திரம் தேநீரில் இல்லை, கேட்டுக்கோங்க. கோப்பை விளிம்பில் இருந்தது. உதடு பட்டால் மீன். தையலுக்கு அது தெரியாது. ஆனால் அடுத்தவர் பாத்திரத்தில் வாய் வைப்பது அவள் வீட்டில் மரியாதை இல்லை. ஆறவிட்டாள். தூக்கினாள், அண்ணாந்தாள், ஊற்றிக்கொண்டாள். நின்றாள்.

வூ சிரித்தான். "என்ன, கொக்கு மீன் முழுங்குகிற மாதிரி?"

இரண்டாம் கோப்பை. தூக்கினாள், அண்ணாந்தாள், ஊற்றிக்கொண்டாள். நின்றாள்.

வூவின் மீசை துடித்தது. "நல்ல வீட்டுப் பெண் இப்படியா குடிப்பாள்?"

"எச்சில் படக் கூடாது பாருங்க ஐயா."

மூன்றாம் கோப்பை. தூக்கினாள், அண்ணாந்தாள்.

"நிறுத்து." வூ கோப்பையைப் பிடுங்கினான். "தேநீருக்கு ஒரு முறை இருக்கிறது, பட்டிக்காடே. உதட்டை இப்படி வைக்கணும். இப்படி உறிஞ்சணும்."

வைத்தான். உறிஞ்சினான். தொப்பென்று குளத்தில் விழுந்தது, மீசை வைத்த கறுப்புக் கெண்டை ஒன்று.

மந்திரம் செய்தவனே மீனானதும் மற்ற மீனெல்லாம் மனிதராகிக் கரையேறின. தலையில் பாசியோடு மாசிலாமணியும் ஏறினான்.

"ஏண்டி, வர இவ்வளவு நாளா?"

"மிளகு விற்க வந்தவன் தோட்டம் பார்க்கப் போனா இப்படித்தான். ஏறு படகிலே."

ஒரு படகு போதவில்லை. பட்டணத்துப் படகெல்லாம் வந்தன. படித்துறைக்குப் படித்துறை தாய்மார் தங்கள் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். எல்லாப் பெயருக்கும் பதில் வந்தது.

அவர்கள் கப்பல் நாகப்பட்டினம் சேர்ந்தது. நம்ம கதையும் கரை சேர்ந்தது.