ராஜாளியின் நகம்

பறவைகளும் மனிதரைப் போலவே வாய் திறந்து பேசிய காலம் அது. ஆங்கிலேயர் நாட்டின் கடலோரச் சிற்றூர் ஒன்றில் ஈடா என்றொரு விதவை இருந்தாள். புயலில் கூட்டிலிருந்து விழுந்த ராஜாளிக் குஞ்சை எடுத்துவந்து, இறைச்சியை மென்று ஊட்டி வளர்த்தாள். வளர்ந்ததும் அது அவளுக்கு முயல் பிடித்துத் தந்தது. சாயங்காலமானால் அடுப்பருகே உட்கார்ந்து, வானத்திலிருந்து பார்த்ததையெல்லாம் அவளுக்குச் சொன்னது.

அந்த ஊரில் யாருக்கு என்ன இருக்கிறதோ அதை வாசல் கதவில் செதுக்கி வைப்பார்கள். ஆளின் பெயர், ஒட்டினாற்போல் பொருளின் பெயர், அவ்வளவுதான்; பேச்சிலும் அப்படியே. ஈடாவும் 'ஈடா ராஜாளி' என்று செதுக்கியிருந்தாள்.

அடுத்த வீட்டுக்கு ஹில்டா குடிவந்தாள். எதைச் சொன்னாலும் கலகலவென்று சிரிப்பவள். ராஜாளி அவள் வேலியில் போய் உட்கார ஆரம்பித்தது. அந்தச் சிரிப்பு காதில் விழும்போதெல்லாம் ஈடாவுக்கு வயிறு எரிந்தது. ஒருநாள் கிணற்றடியில் ஒருத்தி, "ஹில்டா ராஜாளி எங்கள் கூரைமேல் உட்கார்ந்திருந்தது" என்று சாதாரணமாகச் சொன்னாள். ஈடா தண்ணீர் எடுக்காமலே திரும்பிவிட்டாள்.

"நீ யாருடைய ராஜாளி?" என்று அதனிடம் கேட்டாள்.

"உன்னோடுதானே இருக்கிறேன், ஈடா. யாருடையது என்று கேட்டால் எனக்குப் புரியவில்லை."

"அவளிடம் அப்படி என்ன பேசுகிறாய்?"

"உன்னிடம் சொல்வதைத்தான். அவள் காதுகொடுத்துக் கேட்கிறாள். நீ இப்போதெல்லாம் அவளைப் பற்றித்தான் கேட்கிறாய்."

மறுநாள் காலில் தைத்த முள்ளை எடுக்கச் சொல்லி, ராஜாளி வழக்கம்போல அவள் மடியில் காலை நீட்டியது. ஈடா ஆட்டுக்கு மயிர் வெட்டும் கத்திரியை எடுத்து, அதன் வளைந்த நகத்தை அடியோடு வெட்டினாள். அது அலறவில்லை. "ஸ்" என்று மூச்சை மட்டும் இழுத்தது. அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, ஜன்னல் வழியே பறந்துபோனது.

ஈடா அந்த நகத்தைக் கதவில் தன் பெயருக்கு அடுத்து, சற்று மேலே வைத்து அறைந்தாள். நகத்துக்குப் பக்கத்தில் அந்த 'ஸ்' சத்தத்தையும் செதுக்கினாள். இனி ஒருவரும் மாற்றிச் சொல்ல முடியாது.

ஹில்டா வந்து பார்த்தாள். "ராஜாளி எங்கே?"

"கண் தெரியவில்லையா? எழுதியிருக்கிறதே."

"எழுதியிருக்கிறது. அது எங்கே, ஈடா?"

ஈடா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றோடு பறவைகள் மனிதரிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டன. ஊராருக்கோ அந்த அடையாளம் பிடித்துப்போயிற்று. ஆளாளுக்கு உளியை எடுத்து, தங்கள் பெயருக்குப் பின்னால் நகம்போல ஒரு கீறலும், அந்தச் சத்தத்துக்கான எழுத்தும் செதுக்கிக்கொண்டார்கள்.

ஈடா ஜன்னலைச் சாத்தவே இல்லை. என்றாவது திரும்பி வருமென்று, ராஜாளி உட்காரும் கட்டையைத் துடைத்து வைத்தாள். அதன்மேல் 'அதன் இடம்' என்று செதுக்க நினைத்தாள். 'அது' என்பதைச் செதுக்கினாள். சத்தத்துக்கான எழுத்தையும் சேர்த்தாள். நடுவில் நகத்தைக் கீறப் போனபோது, ராஜாளி தன் மடியில் காலை நீட்டியது நினைவுக்கு வந்தது. உளியைக் கீழே வைத்துவிட்டாள்.

ஆங்கிலத்தில் உடையவர் பெயருக்குப் பின்னால் நகம்போல ஒரு குறியும் 'எஸ்' எழுத்தும் வருவதும், 'அதன்' என்று சொல்லும் 'இட்ஸ்' அந்த நகம் இல்லாமல் நிற்பதும் அதற்குப் பிறகுதான்.