புன்னைவிளைக் கொடிக்கயிறு யாருக்கு?

புன்னைவிளைக் கத்தோலிக்கப் பங்கில் ஒரு வழக்கம் உண்டு. மிக்கேல் அதிதூதர் திருவிழாவுக்குக் கொடியேறும்போது, கோயிலுக்குப் பெரிய கொடை கொடுத்தவர்தான் முதலில் கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டும். அந்தக் கயிற்றுக்காகச் சொந்தபந்தங்கள் பேச்சை முறித்துக்கொண்டதும் உண்டு. உங்களுக்குச் சிரிப்பு வரலாம். அந்த ஊரில் போய்ச் சிரித்துப் பாருங்கள், தெரியும்.

சூசைமரியான் பல வருடம் அந்தக் கயிற்றைப் பிடித்தவர். மூன்றாவது பிரசவத்துக்கு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே அவர் மனைவி வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோனாள். அந்த வருடத் திருவிழாவில் பீடத்துக்கு முன்னால் நின்று, "என் காலத்துக்குப் பொறவு என் தென்னந்தோப்பு கோயிலுக்கு. அதுல ஒரு பிரசவ ஆஸ்பத்திரி வரணும்" என்றார். ஊரே கண்கலங்கியது. கயிறு அவர் கைக்கு வந்தது. பிறகு வேறு கைக்குப் போகவில்லை.

பங்குச்சாமி அருளானந்தர் ஒருநாள், "அதை ஒரு உயிலா எழுதி வச்சிருங்களேன்" என்று சொல்லிப் பார்த்தார். சூசைமரியானுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. "மிக்கேல் சம்மனசு கேட்டது பத்தாதுன்னு ரிஜிஸ்தர் ஆபீசுல வேற போயி சொல்லணுமா சாமி?"

நல்ல மனிதர்தான், வாய்தான் கொஞ்சம் தாராளம். உடம்பு தளர்ந்ததும் மஸ்கட்டிலிருந்த மகன் அமலதாசனுக்குப் போன் போட்டு, "வந்துருல. தோப்பு ஒனக்குத்தான்" என்றும் சொல்லிவிட்டார். அவன் வேலையை விட்டு வந்து, கடைசிவரை அப்பாவைக் குளிப்பாட்டி, ஊட்டிப் பார்த்துக்கொண்டான். மகள் பெர்நதெத்துக்கு மட்டும் அவர் எதுவும் சொல்லவில்லை. கட்டிக்கொடுத்தாயிற்று என்ற நினைப்பு.

அவர் இறந்தார். உயில் இல்லை. சட்டப்படி தோப்பில் மகனுக்குப் பாதி, மகளுக்குப் பாதி. ஊர் கொதித்தது. "கோயில் சொத்து சாமி, வேலியைப் போடுங்க" என்றார்கள். "எழுதாததை நான் எடுக்க மாட்டேன்" என்று பங்குச்சாமி மறுத்துவிட்டார். "அப்பா எனக்கும்தான் வாக்குக் குடுத்தாரு. இதை விட்டா என் பிள்ளைகளுக்கு வேற ஒண்ணும் இல்ல" என்றான் அமலதாசன். அதிலும் பொய் இல்லை.

பெர்நதெத் வந்து, தன் பாதியைப் பிரித்துத் தரச் சொன்னாள். "அப்பன் வாக்கை வித்துத் திங்க வந்துட்டா" என்று காதுபடவே பேசினார்கள். அவள் இருப்பது வாடகை வீடு. வாங்கிப் போயிருந்தால் யாரும் தடுத்திருக்க முடியாது. பிரித்துக் கல் நட்ட கையோடு, தன் பாதி முழுவதையும் ஆஸ்பத்திரிக்கென்று கோயில் பெயரில் பத்திரம் எழுதிக் கொடுத்தாள்.

ஆனால் அவள் பாதி பின்பக்கம் இருந்தது. வண்டி நுழைய வழி கிடையாது. அண்ணன் தானாகவே பங்குச்சாமியிடம் போனான். "ஆம்புலன்ஸ் வர்ற அளவுக்கு என் பக்கத்துல வழி விடுறேன் சாமி. அதையும் எழுதிக்கிடுங்க. வாயால சொன்னது போதும்னு இருந்து எங்க வீடு பட்டாச்சு." காய்த்துக்கொண்டிருந்த மரங்களைத் தானே நின்று வெட்டினான்.

திருவிழா வந்தது. பங்குப் பேரவையில் ஒரே சத்தம். ஆஸ்பத்திரியை முதலில் நினைத்தவர் சூசைமரியான், அவர் படத்தைக் கயிற்றில் கட்டுங்கள் என்றது ஒரு கட்சி. பிள்ளைகளுக்கு வைத்திருந்ததில் வெட்டிக் கொடுத்த மகனுக்கே என்றது இன்னொன்று. மகளுக்கு என்றார்கள் மற்றவர்கள்.

நீங்கள் சொல்லுங்கள்: கயிறு யார் கைக்குப் போக வேண்டும்?

பெர்நதெத்தின் கைக்குத்தான். சூசைமரியானின் நினைப்பு பெரிது, மறுக்கவில்லை. ஆனால் கொடைக்கான மரியாதையை உயிரோடு இருக்கும்போதே வாங்கிக்கொண்டு, கொடையைக் கொடுக்காமல் போனவர் அவர். அமலதாசன் கொடுத்தது மனதைத் தொடுகிறது. என்றாலும் தங்கை முன்னே போன பிறகுதான் அவன் போனான். யாரும் எதுவும் தருவதாகச் சொல்லாத ஒருத்திதான், தன் கைக்கு வந்ததை முழுதாகக் கொடுத்தாள். பேரவையும் அப்படியே முடிவு செய்தது. கொடியேற்றத்தன்று அவள் கயிற்றைப் பிடித்தாள், இழுக்கவில்லை. "கோயிலுக்குக் கொடுக்கணும்னு மனசுல வச்சுக்கிட்டு, இன்னும் எழுதாம இருக்கிறது யாரு? எழுதுறேன்னு ஒரு கையாவது தூக்குங்க. அதுவரைக்கும் கொடி ஏறாது" என்றாள். அவள் அசையாமல் நின்றாள். முதலில் உயர்ந்த கை பங்குச்சாமியுடையது. கோயிலுக்கென்று மனதில் வைத்திருந்த தன் பூர்வீக வீட்டை அவரும் இன்னும் எழுதி வைத்திருக்கவில்லை.