ஜெசிந்தாவின் வயலின்

நிதானமாகக் கேளுங்கள், முடிவில் நியாயம் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

வியன்னாவில் ஓர் இசைக் கல்லூரியில் ஒரே ஓர் இடம். அதற்காகச் சென்னையில் நடந்த தேர்வுக்குப் பதினோரு பேர் வந்திருந்தார்கள். மேற்கத்திய இசை படித்தவர்களுக்கு நம் ஊரில் அப்படியொரு கதவு திறப்பது அபூர்வம். சங்கவிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அடுத்த தேர்வு வருவதற்குள் வயது வரம்பைத் தாண்டிவிடுவாள். அவளுடைய அறைத்தோழி ஜெசிந்தாவுக்கும் அதே நிலைதான்.

தேர்வுக் குழுவின் செயலாளர் படித்த விதிகளில் இரண்டு நமக்கு வேண்டும். நடுவர்கள் திரைக்குப் பின்னால் இருப்பார்கள். எண் மட்டுமே அவர்களுக்குத் தெரியும். வாத்தியத்தில் பழுது என்றால் வாசிக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். சொன்னவர் பிற்பகலில் கடைசியாக வாசிக்கலாம்.

சங்கவி பெட்டியைத் திறந்தாள். முந்தின நாள் மழையில் நனைந்த வயலின், ஓரத்தில் பசை விட்டு வாய் பிளந்திருந்தது. ஒட்டிக் காய ஒரு வாரமாவது ஆகும்.

"என்னோடதை எடுத்துட்டுப் போடி," என்றாள் ஜெசிந்தா. "நீ ஆறு, நான் ஏழு. வாசிச்சிட்டு வந்து கையில குடு, போதும்."

சங்கவி அன்று வாசித்ததுபோல் என்றும் வாசித்ததில்லை. கடைசிப் பக்கத்தில், இரண்டாம் தந்தியின் மேல் சுற்றியிருந்த மெல்லிய கம்பி அவிழத் தொடங்கியது விரல்நுனியில் தட்டுப்பட்டது. இனி அதிக நேரம் தாங்காது என்று அவளுக்குத் தெரிந்தது.

வாசலில் ஜெசிந்தா கை நீட்டினாள். "எல்லாம் சரியா இருந்துச்சா?"

சொல்ல வாயெடுத்தாள் சங்கவி. ஏழாம் எண்ணை அழைத்தார்கள். "ம்," என்று மட்டும் சொன்னாள்.

பாதியில் தந்தி அறுந்தது. ஜெசிந்தா வேறொன்றை மாட்டித் தொடர்ந்தாள். புதுத் தந்தி பிடித்து நிற்கச் சில மணி நேரமாகும். சுருதி இறங்கிக்கொண்டே இருந்தது. வெளியே நின்ற சங்கவி ஒவ்வொரு பிசிறையும் கேட்டாள்.

மாலையில் முடிவு வந்தது. ஆறாம் எண்ணுக்கு முதலிடம். ஏழாம் எண்ணுக்கு ஐந்தாமிடம். ஜெசிந்தா அவளைக் கட்டிக்கொண்டு, "நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தியாவது போறோமே," என்று அழுதாள்.

அதன் பிறகு மூன்று நாள் சங்கவிக்குச் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் செயலாளரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி, "அந்த இடம் எனக்கு வேண்டாம் சார்," என்றாள்.

"நீங்க விலகினா ரெண்டாவதா வந்தவருக்குத்தான் போகும்மா. உங்க தோழிக்கு வராது. மறுதேர்வும் கிடையாது."

"பரவாயில்ல சார்." கையெழுத்துப் போட்டாள்.

நடந்தது முழுவதும் ஜெசிந்தாவின் காதுக்கு எட்டியது. சங்கவியிடம் வந்து சொன்னாள்: "அன்னிக்கு வாசல்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், தந்திய மாத்திட்டுக் கடைசியா வாசிச்சிருப்பேன். இல்ல, கடைசிவரைக்கும் சொல்லாமயே போயிருக்கலாம். இப்ப உனக்கும் இல்ல, எனக்கும் இல்ல."

அந்த வாரமே அறையைக் காலி செய்துகொண்டு போய்விட்டாள்.

கிடைத்த இடத்தை உதறிய சங்கவி செய்தது சரியா? உதறியதற்காக அவளை வெறுத்த ஜெசிந்தா செய்தது சரியா?

விடை: ஜெசிந்தாவின் கோபம்தான் நியாயம். உண்மையை முதலில் கேட்க உரிமை உள்ளவள் அவள், செயலாளர் அல்ல. வயலினைக் கொடுத்தவளுக்கும் அந்த இடத்தில் பங்கு உண்டு. வாசலில் ஒரு முறை, அலுவலகத்தில் ஒரு முறை, ஜெசிந்தாவின் காரியத்தை அவளைக் கேட்காமலே சங்கவி முடிவு செய்தாள். முதல் முறை ஆசையால். இரண்டாம் முறை தன் மன நிம்மதிக்காக. அந்த நிம்மதியும் அவளுக்குக் கிடைக்கவில்லை.